இரஞ்சிதம் அக்காவின் துடக்கு

எழுபதுகளில் மெல்பேண் தமிழர்களிடம் வெரிபீ என்று சொன்னால் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள். நகரத்தின் கழிவுநீர் முழுவதும் போய்ச் சேரும் பெரிய பண்ணை அங்கேதான் இருந்தது. காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், அந்தப் பண்ணை வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அங்கே நீரைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர் கதிர்காமநாதன் அண்ணை. வேலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கியது அவருடைய புத்திசாலித்தனம். அந்த வீட்டுக்கு விருந்தாளிகளை வரவழைத்தது அவருடைய மனைவி இரஞ்சிதம் அக்காவின் கெட்டித்தனம்.

அக்கா ஊரில் சங்கீத ஆசிரியை. வெரிபீயில் சங்கீதம் கேட்க ஆளில்லை. இத்தாலியர்களின் தோட்டங்களில் வெட்டிய கோலிஃப்ளவரைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகை ஒன்றில் வேலைக்குப் போனார். அங்கேயும் பாடினாராம். கூட வேலை செய்த இத்தாலியப் பெண்கள் கை தட்டி, இன்னொன்று பாடு என்பார்களாம். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டின் சின்ன அறை ஒன்றைச் சாமியறை ஆக்கி, ஒரு முழ உயரமான பித்தளை வேல் ஒன்றை அதில் நிறுத்திவைத்திருந்தார்.

அந்த வேல் அவருடைய அண்ணன் ஐயாத்துரை கொடுத்தது. தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையைப் படிப்பித்துக் கலியாணம் கட்டிக்கொடுத்தவர் அவர். அக்கா விமானம் ஏறும்போது கடைசியாகக் கையில் கொடுத்தது இதைத்தான். மெல்பேண் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, என்ன ஆயுதம் இது என்று கேட்டிருக்கிறார். கதிர்காமநாதன் அண்ணைக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. கடவுள் என்று சொல்லிவிட்டார். அதிகாரி மறுபேச்சில்லாமல் அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாராம்.

என் மனைவி நாகேஸ்வரியையும் இங்கேயே அறிமுகப்படுத்திவிடுகிறேன். அவளில்லாமல் இந்தக் கதை முடியாது. நாங்கள் இருந்தது கிளேற்றனில், நகரத்தின் மறுகரையில். யாருடைய வீட்டுக்குப் போனாலும் நாகேஸ்வரி விடைபெறுவது தனி நிகழ்ச்சி. கதிரையை விட்டு எழும்பும்போது ஒரு முறை போட்டு வாறன் என்பாள். குசினி வாசலில் இன்னொரு முறை. கார்க் கண்ணாடியை இறக்கி மறுபடியும். அதற்குள் நான் எஞ்சினைப் போட்டு, அணைத்து, மறுபடியும் போட்டுவிடுவேன். அவள் சொல்லாமல் எழும்பி வருகிற ஒரே இடம் செத்தவீடுதான். அங்கே போட்டு வாறன் சொல்லக்கூடாது என்பது அவளுக்குச் சட்டம்.

எழுபத்தைந்தாம் ஆண்டு கந்தசஷ்டியின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மெல்பேணில் அப்போது கோயில் இல்லை. ஐயர் இல்லை. அவரவர் வீட்டில் பாலும் பழமுமாக விரதம் பிடித்து, அவரவர் சுவரில் இருக்கும் முருகன் படத்தைக் கும்பிட்டோம். இந்த முறை எல்லோரும் ஒன்றாகக் கும்பிடுவோம் என்று முதலில் சொன்னவர் இரஞ்சிதம் அக்கா. அவரிடம் வேல் இருந்தது, பாட்டும் இருந்தது. ஆனால் அந்தத் தூரத்துக்கு, அந்த மணத்துக்கு யார் வருவார்கள் என்று நாலு பேர் முன்னால் கேட்டவள் என் நாகேஸ்வரி. அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்தார். மெல்பேணில் தமிழ் பேசுகிற அத்தனை குடும்பமும் வருவதாகச் சொல்லிவிட்டது. சிட்னியிலிருந்து வந்து நின்ற ஒரு குடும்பமும் வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை அண்ணை தேங்காயும் வாழைப்பழமும் வாங்க விக்டோரியா சந்தைக்குப் போயிருந்தார். அக்கா குசினியில் உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். தபால் கந்தோரிலிருந்து ஒரு பெண். வெளிநாட்டுத் தந்தி வந்திருக்கிறது, வாசிக்கட்டுமா என்று கேட்டாள். அப்போதெல்லாம் தந்தியை முதலில் தொலைபேசியில் வாசித்துவிட்டுப் பிறகுதான் அதன் நகலைத் தபாலில் அனுப்புவார்கள். ஐயாத்துரை முதல் நாள் காலமானார் என்று அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வருந்துகிறேன் என்றாள். நகலை அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

“வேண்டாம். நன்றி” என்று அக்கா நல்ல ஆங்கிலத்தில் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

அந்த நன்றிதான் அவரைக் கடைசிவரை தின்றது. யோசிக்காமல் வந்த வார்த்தை என்றால் மன்னித்துவிடலாம். நகல் வந்தால் கணவர் பார்ப்பார், பார்த்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார் என்று அந்த ஒரு மூச்சுக்குள் யோசித்துத்தான் வேண்டாம் என்றார். இதை அவரே பின்னால் ஒளிக்காமல் சொன்னார்.

சாவு நடந்தால் இரத்த உரித்துக்காரருக்குத் துடக்கு. முப்பத்தொன்றாம் நாள் வரை விளக்கேற்றக் கூடாது, சாமியைத் தொடக் கூடாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய் வீட்டுத் துடக்கு எத்தனை நாள் என்பதில் எங்கள் ஆட்களுக்குள் பெரிய வழக்கே உண்டு. மூன்று நாள் என்பார் ஒருவர், முப்பத்தொன்றேதான் என்பார் மற்றவர். இல்லவே இல்லை என்று நிற்கிறவரும் உண்டு. அக்கா அன்று அந்தக் கடைசிக் கட்சியில் சேர்ந்துகொண்டார். உழுந்தை அரைத்து முடித்தார். ஆனால் எந்தக் கட்சிக்காரரும், கூடப்பிறந்தவன் செத்த செய்தி காதில் விழுந்த மறுநாளே சாமிக்குப் பொங்கிப் படைக்கலாம் என்று சொல்லமாட்டார். அது அக்காவுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனோம். வரவேற்பறை நிரம்பிப் பிள்ளைகள் படுக்கையறைக் கட்டிலிலும் இருந்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார். விளக்கேற்றினார். வேலுக்குப் பால் வார்த்தார். பிறகு பாட உட்கார்ந்தார். அந்தக் குரலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பாதியில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. பாட்டு நிற்கவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நாகேஸ்வரி காருக்குள் ஏறியதும் சொன்னாள்: “நான் பிழையா நினைச்சிட்டன். அந்த மனுசிக்கு என்ன பக்தி.”

இரண்டு கிழமைக்குள் ஐயாத்துரையின் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. அதைக் கணவர் முன்னால் பிரித்து வாசித்தபோது அக்காவுக்கு அழுகை வரவில்லை. புதிதாகக் கேட்டவர் போல நடிக்க வேண்டியிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாராம். அண்ணை பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தன்னை வளர்த்த அண்ணனுக்குத் தான் அழுத அழுகை பொய்யழுகை என்று நினைத்துக்கொண்டே அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

செய்தி கேட்டதும் நாகேஸ்வரி உடனே புறப்பட வேண்டும் என்று நின்றாள். அக்கா தொலைபேசியில் மறித்துவிட்டார்.

“ஒருத்தரும் வரவேண்டாம். செத்தவீடு அங்கை. இஞ்சை என்ன இருக்கு?”

“அண்டைக்கு நாங்கள் எல்லாரும் துடக்கோடை தானேயக்கா கும்பிட்டிருக்கிறம்” என்றாள் நாகேஸ்வரி. பிறகு, அக்கா மனம் நோகக்கூடாதே என்று அவளே ஆறுதலும் சொன்னாள். “அறியாமல் செய்ததுக்குத் தோசம் இல்லை. முருகனுக்குத் தெரியும்.”

முருகனுக்குத் தெரியும் என்று அவள் சொன்னது ஆறுதலுக்கு. தொலைபேசியின் மறுபக்கத்தில் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த குளிர்காலம் ஒரு காலை, கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைக் கரைக்க அண்ணை கேத்திலில் வெந்நீர் கொண்டு போனார். கேத்தில் விழுந்த சத்தம் கேட்டு அக்கா ஓடிப் போனார். அண்ணை புல்லில் கிடந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்த்தபோது அக்காவின் நெற்றியில் விபூதி இல்லை. நாகேஸ்வரி வீட்டிலிருந்து கொண்டுபோன விபூதியை அண்ணையின் நெற்றியில் பூசிவிட்டு அக்காவுக்கும் நீட்டினாள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். துன்பம் வந்ததும் சாமியோடு கோபித்துக்கொள்கிற ஆட்களில் இவரும் ஒருவர் என்று நான் நினைத்தேன். காரில் வரும்போது அதைப் பெரிய ஞானி போலச் சொல்லியும் காட்டினேன். நாகேஸ்வரி என்னை வாயை மூடச் சொன்னாள்.

கோபம் எங்கே இருந்தது? பயம்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைத் தான் சொல்லாமல் மறைத்ததற்குக் கடவுள் கணவரின் நாக்கை எடுத்துவிட்டார் என்று அக்கா நம்பினார். அவரைச் சுகப்படுத்து என்று கேட்கக்கூட வாய் வரவில்லையாம். எந்த முகத்தோடு கேட்பது? அன்று வீட்டுக்குப் போய் வேலைப் பட்டுத் துணியில் சுற்றி, அலுமாரியில் படுக்கை விரிப்புகளுக்குக் கீழே வைத்துவிட்டார். சாமியறையில் அண்ணையின் சக்கரக் கதிரை நின்றது. வெள்ளிக்கிழமைப் பூசை எங்கே என்று கேட்டவர்களுக்கு, நேரமில்லை என்றார்.

நேரம் இல்லாததும் உண்மைதான். குளிக்க வார்த்தார், தீத்தினார், கையைக் காலை நீவிவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கிழமைதோறும் வருவாள். ஆங்கிலத்தில் ஒன்றும் சரிவரவில்லை. தமிழில் ஒரே ஒரு சொல் வந்தது. ஓம். தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம். வேண்டாமோ என்றால் அதற்கும் ஓம். கால் நோகுதோ, ஓம். நித்திரை வருதோ, ஓம். நான் போய்ப் பக்கத்தில் இருந்து கிரிக்கெட் கதை கதைப்பேன். நான் சொல்வதற்கெல்லாம் மறுப்பில்லாமல் ஓம் சொல்லும் ஒரு மனிதர் கிடைத்தது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபத்தேழில் ஒரு பின்னேரம் அக்கா அவருக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். அண்ணையின் கண் சும்மா சுவரோரம் வேல் நின்ற இடத்துக்குப் போய் நின்றது. அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“இஞ்சாருங்கோ. என்ரை அண்ணை மோசம் போனது எனக்குப் பூசைக்கு முதல் நாளே தெரியும். தந்தி வந்தது. தெரிஞ்சுகொண்டுதான் விளக்கேத்தினனான்.”

“ஓம்” என்றார் அண்ணை.

“உங்களுக்கு வந்தது எனக்கு வந்த தண்டனை. நான் செய்ததுக்கு முருகன் உங்களை அடிச்சுப்போட்டான்.”

அண்ணை அவரைப் பார்த்தார். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லப் போவது ஓம்தான் என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

“இ...ல்லை” என்றார் அண்ணை.

பாரிசவாத வருத்தம் வந்த பிறகு அவர் சொன்ன முதல் “இல்லை” அது. சொல்லிவிட்டு இடக்கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். மறுபடியும் ஒருமுறை, இன்னும் சிரமப்பட்டுச் சொன்னார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பாரம் இறங்கியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். பிறகொரு நாள் அக்காவிடம் நான் அப்படியே கேட்டும் பார்த்தேன். “இல்லைத் தம்பி, அண்டைக்குத்தான் கூடினது” என்றார். தண்டனை என்று நினைத்திருந்த காலம்வரை, பட்ட பாட்டோடு செய்த பிழை கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது என்று ஒரு நினைப்பு இருந்ததாம். தண்டனையே இல்லை என்றால் செய்த பிழை அப்படியே கிடக்கிறது. தன் வருத்தத்தைத் தானே சுமந்துகொண்டிருந்த அப்பாவி மனிதரை இவ்வளவு காலமாகத் தன் பிழைக்குச் சாட்சியாக வைத்திருந்தேனே என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதுவரை அடிப்பான் என்று பயந்த கடவுளுக்கு, அன்று முதல் வேறு விதமாகப் பயந்தார். “அவன் அடிக்கேல்லை. பாத்துக்கொண்டு இருந்தவன். நான் எப்ப வாய் திறப்பன் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவன். அதை நினைக்கத்தான் எனக்கு நடுங்கினது” என்றார்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அக்காவே எங்களை வரச்சொன்னார். ஞாயிறு மத்தியானம் போனோம். நாகேஸ்வரியைக் கதிரையில் இருத்தி, தான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தந்தி, வேண்டாம், நன்றி, பட்டுச்சேலை, பொய்யழுகை. ஒன்றையும் விடவில்லை. நீ மணம் என்று சொன்னாயே, அதுதான் காரணம் என்று அவள் மேல் ஒரு துளி போடவும் இல்லை.

நாகேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஆறு நாள் பாலும் தண்ணியுமா விரதம் பிடிச்சு வந்தனாங்கள். பிள்ளையள் எல்லாம் வந்ததுகள். எங்கள் எல்லாரையும் துடக்கு வீட்டிலை இருத்திச் சாப்பாடு போட்டிருக்கிறியள். தெரிஞ்சுகொண்டு.”

“ஓம். தெரிஞ்சுகொண்டுதான்.”

“உங்கட பாட்டைக் கேட்டு நான் அழுதனான் அக்கா.”

அக்கா வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் நாகேஸ்வரி எழும்பினாள். கோபத்திலும் வாசலில் நின்று ஒருமுறை போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பழக்கம் விடவில்லை. ஃபுட்ஸ்கிரே தாண்டியதும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் தொலைபேசியையும் எடுக்கவில்லை. வெரிபீ என்ற சொல் எங்கள் வீட்டில் விழவில்லை. ஊருக்குள் இதைப் பரப்புவாள் என்று நான் பயந்தேன். அவளோ யாரிடமும் மூச்சு விடவில்லை. இரவில் மட்டும் புரண்டு புரண்டு படுத்தாள். ஒருநாள் சட்டி கழுவிக்கொண்டே, “அந்த மனுசி இரண்டு நாள் ஒருத்தருக்கும் தெரியாமல் அதை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டு எங்களுக்கு மோதகம் அவிச்சிருக்கு” என்றாள். என்னிடம் சொன்னாளா, சட்டியிடம் சொன்னாளா தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நாகேஸ்வரி சோறும் மரக்கறியும் சமைத்துப் பாத்திரங்களில் கட்டினாள். கரையில்லாத வெள்ளை நூல்சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். பொட்டு வைக்கவில்லை.

“எங்கை வெளிக்கிடுறாய்?”

“செத்தவீட்டுக்கு.”

“ஆர் செத்தது?” கதிர்காமநாதன் அண்ணைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

“ஐயாத்துரை அண்ணை” என்றாள். “காரை எடுங்கோ.”

வெரிபீயில் அன்று காற்று பண்ணைப் பக்கமிருந்துதான் வீசியது. நாகேஸ்வரி கைக்குட்டையை எடுக்கவில்லை. அக்கா கதவைத் திறந்தார். வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பாத்திரங்களைப் பார்த்தார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று வெளியே இருந்து சோறு கொண்டுபோவது எங்கள் வழக்கம். அக்காவுக்குச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. நாகேஸ்வரி பாத்திரங்களை நிலத்தில் வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தாள்.

“ஐயோ என்ரை அக்கா, உன்னை வளர்த்த அண்ணன் போட்டாரே” என்று குரலெடுத்தாள்.

அக்கா விறைத்து நின்றார். பிறகு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சங்கீத ஆசிரியையின் குரல் இல்லை அது. இரண்டு பேரும் அந்த ஒடுங்கிய நடையில் நிலத்தில் இருந்து அழுதார்கள். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அண்ணையின் சக்கரக் கதிரைக்குப் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவரும் அழுதார். கிரிக்கெட் கதைக்க அன்று எனக்கு ஒன்றும் வரவில்லை.

கொண்டுபோன சோற்றைப் போட்டுக் கொடுத்தோம். அக்கா சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல மெல்லக் கேட்டார்.

“நாகேஸ், நான் இனி முருகனைத் தொடலாமோ?”

“இண்டைக்குத்தானே செத்தவீடு. இண்டையிலிருந்து எண்ணுங்கோ. முப்பத்தொண்டு முடிய முழுகிப்போட்டு வெளியிலை எடுங்கோ.”

“மன்னிப்பானோ?”

“எனக்கெப்பிடித் தெரியும்? அதை அவனிட்டைக் கேளுங்கோ. கேக்கிறதுக்குப் பயமாத்தான் இருக்கும். பயத்தோடை கேளுங்கோ.”

அக்கா தலையாட்டினார். அலுமாரி இருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். எழும்பிப் போகவில்லை.

வெளிக்கிடும் நேரம் வந்தது. நாகேஸ்வரி வெற்றுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டாள். அக்கா வாசல்வரை வந்து நின்றார். எனக்கு எல்லாம் முடிந்து மனம் லேசாகிவிட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில், “அப்ப நாங்கள் போட்டு...” என்று தொடங்கிவிட்டேன். நாகேஸ்வரியின் விரல்கள் என் மணிக்கட்டை நோக இறுக்கின. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் ஒரு சொல் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. நேரே போய்க் காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கவும் இல்லை. கிளேற்றனுக்கு வந்ததும் வீட்டுக்குள் எதையும் தொடாமல் குளியலறைக்குப் போய்த் தலை முழுகினாள்.